துண்டுக்கு அடியில் எட்டு

ஒரு மணி நேரம் ஆகும் என்றாள் ரத்தம் எடுத்த பெண். ஊசியைச் செருகி உருவ ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரு மணி நேரமாம். ஒரு ஜோடி மாட்டை முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, சுழி பார்த்து, பல் பார்த்து, நாலடி நடக்கவிட்டுப் பார்த்து, துண்டைப் போட்டுக் கையைப் பிடித்து முடித்துவிட எனக்குக் கால் மணி போதும். பொள்ளாச்சிச் சந்தையில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நாச்சிமுத்து கண்ணுக்கு எத்தனை நேரம் வேண்டும் என்று. அந்த நாச்சிமுத்து இப்போது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில், முழங்கை மடிப்பில் பஞ்சு வைத்து ஒட்டிய கையை மடக்கிக்கொண்டு, எவனோ அளவெடுக்காமல் செய்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். மணி பத்தே கால். சுவர் டிவியில் சத்தமில்லாமல் ஒருத்தி கத்தரிக்காய் வதக்குகிறாள். ஏசி நேராக என் பிடரியில் அடிக்கிறது. இந்த ஏசியைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள் என்று வந்ததும் வாட்ச்மேனிடம் சொன்னேன், அவன் அது சென்ட்ரல் ஏசி, திருப்ப முடியாது என்றான், அப்புறம் என்னத்துக்குடா நீ யூனிபார்ம் போட்டு நிக்கறே என்று கேட்டேன். பக்கத்தில் மயிலாத்தாள் என் முழங்கையைக் கிள்ளினாள். முப்பத்திரண்டு வருஷமாகக் கிள்ளுகிறாள். பஞ்சு வைத்த கையையே பார்த்துக் கிள்ளினாள். "ஏனுங், நெஞ்சுல கம்பி வெச்சிருக்கற ஆளு கத்தக் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்கல்ல." கம்பி இல்லை அது, ஸ்டென்ட். வலை மாதிரி சின்னக் குழாய். மூணு மாசம் முன்னால் மணிக்கட்டு வழியாக விட்டு, இருதயத்து ரத்தக் குழாயில் அடைப்பு இருந்த இடத்தில் விரித்து வைத்தார்கள். அதை எனக்குப் படமாகக் காட்டினாள் டாக்டரம்மிணி. அடைப்பு போய்விட்டது, ஆனால் ரத்தத்தில் ஒரு நம்பர் இறங்கவில்லை. அந்த நம்பருக்காகத்தான் இந்த நாற்காலி. சி.ஆர்.பி. என்று பெயர். போன மாசம் எட்டு. அதற்கு முந்தின மாசம் ஆறு. இரண்டுக்குக் கீழே வர வேண்டும்.

இரண்டுக்குக் கீழே. என் வாழ்நாளில் விலை இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டது வாங்கும்போது மட்டும்தான், இப்போது நானே வாங்குகிறவன், நானே விற்கிறவன், நானே கயிற்றில் கட்டின மாடு. டாக்டர் சுபத்ராவுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. மேஜைமேல் ஒரு தாளைப் போட்டுக் கோடு கிழித்துச் சொன்னாள். "ஸ்டென்ட் நல்லாப் பொருந்தியிருக்குங்க ஐயா. ஆனா உடம்புக்குள்ள எங்கியோ ஒரு அழற்சி அடங்காம இருக்குது. புண்ணு, காய்ச்சல், வீக்கம், எதுவா வேணா இருக்கலாம். ரத்தக் குழாய் உள்பக்கமே கனன்னுட்டு இருக்கலாம். அடைப்ப எடுத்த பொறவும் இந்த நம்பர் எறங்காதவங்களுக்கு மறுபடியும் அட்டாக் வர்ற வாய்ப்பு ஜாஸ்தி." நான் கேட்டேன்: "நாலுக்கு முடிச்சுக்கலாமா அம்மிணி?" சிரித்துவிட்டாள். நல்லாச் சிரித்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "ஐயா, இது நான் சொல்ற வெல இல்லீங்க. ஒங்க ரத்தம் சொல்றது." ரத்தமாவது சொல்றதாவது. எந்த மாடு தன் விலையைத் தானே சொல்லியிருக்கிறது. அடுத்த மாசமும் இப்படியே இருந்தால் இரண்டு நாள் அட்மிட் ஆகுங்கள், தலையிலிருந்து கால் வரைக்கும் தேடிப் பார்ப்போம், தேவைப்பட்டால் இன்னொரு ஆஞ்சியோவும் பண்ணிவிடுவோம் என்றாள். ஆஞ்சியோ. அந்த மேஜை. பச்சைத் துணி, முதுகில் ஐஸ் மாதிரி இரும்பு, மேலே சுழன்று சுழன்று வருகிற அந்தப் பெட்டி, தலைமாட்டில் இரண்டு பேர் இங்கிலீஷில் பேசிச் சிரித்துக்கொண்டது. என்னைப் பற்றித்தான் பேசுகிறார்களா, மத்தியானச் சாப்பாட்டைப் பற்றியா என்று தெரியாமல் கண்ணில் தண்ணீர் காதுக்குள் வழிய வழியக் கிடந்தேன். பாலக்காடு வரைக்கும் மாட்டை நடையாக ஓட்டினவன், லாரிக்காரனை, கேரளா வியாபாரியை, செக்போஸ்ட்டை எல்லாம் வாயால் ஜெயித்தவன், அழுதேன். மயிலாத்தாளுக்கே தெரியாது. கனி பாய்க்கு மட்டும் தெரியும். அவரும் அதே மேஜையில் அதே நாள் எனக்கு முன்னால் படுத்து எழுந்தவர்.

கனி பாய். ஆனைமலைப் பக்கம் பேக்கரி. பக்கத்துக் கட்டில். முதல் ராத்திரியே, "ஏன் யாவாரி, மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி நர்ஸம்மா வந்து உங்க மூக்க நாக்கப் பாக்கறாங்க, கடுப்பா இருக்குதா?" என்று கேட்டு என்னைச் சிரிக்கவைத்து, சிரிப்பில் மணிக்கட்டில் போட்ட கட்டு வழியாக ரத்தம் கசிந்து, நர்ஸ் இரண்டு பேரையும் திட்டினாள். வீட்டுக்கு வந்த பிறகு போன். டெஸ்ட் எடுத்த அன்றைக்குச் சாயங்காலம் போன் வந்துவிடும். "சந்தை நெலவரம் என்ன யாவாரி?" "ஆறு பாய். உங்களுக்கு?" "ஒம்போது. என்னோட மாடு கொஞ்சம் ஒசத்தி." சிரிப்பார். டாக்டரம்மிணி சொன்னதை அவர் தன் தொழிலை வைத்துப் புரிந்துகொண்டார். "எங்க பேக்கரி அடுப்பு மாதிரிதான். வெறகையெல்லாம் வெளிய இழுத்துப் போட்டு, கதவையும் சாத்திருவோம். மூணு மணி நேரம் கழிச்சு உள்ள கைய விட்டுப் பாருங்க, செங்கல்லு பொசுக்கிரும்." அடுத்த மாசம் எனக்கு எட்டு, அவருக்குப் பதினொன்று. அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. "எறங்க மாட்டேங்குதே யாவாரி" என்றார். நான் உடனே எகிறினேன், "அந்த ஆஸ்பத்திரி மெஷினே சரியில்ல பாய், வேற எடத்துல பாருங்க" என்றேன். எட்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பன்னுக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தவர் அப்படியே மாவுமேல் சாய்ந்துவிட்டார். மையத்து எடுப்பதற்குள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் நிறையச் செருப்பு. அவருடைய சம்சாரம் உள்ளே அழுகிறது கேட்டது. பதினொன்று. எனக்கு அங்கே வேறு எதுவும் நினைவில் இல்லை, பதினொன்று பதினொன்று என்றுதான் மண்டைக்குள் ஓடியது. பதினொன்றுக்குப் போனார், நான் எட்டில் நிற்கிறேன், நடுவில் இரண்டு படிதான். படி ஏறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும். இறக்க வேண்டும். இறக்குகிற வித்தை எனக்குத் தெரியாதா.

தெரியும். அதுதான் இப்போது இந்த ஏசியில் எனக்கு வேர்ப்பதற்குக் காரணம். சொல்லிவிடுகிறேன், மனசுக்குள் சொல்ல எவன் பயப்படுகிறான். நொண்டுகிற மாட்டை, காய்ச்சல் அடிக்கிற மாட்டை, மடி கல்லாகிக் கிடக்கிற மாட்டைச் சந்தைக்குக் கொண்டுவருவதற்கு முந்தின நாள் ஊசி ஒன்று போடுவார்கள். நான் போட்டதில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை. வீக்கம் வடியும், காய்ச்சல் இறங்கும், மாடு காதை ஆட்டிக்கொண்டு புல் தின்னும், கண் பளபளக்கும். இரண்டு நாள், மூணு நாள். நோவு உள்ளே அப்படியே இருக்கும், வெளியே தெரிகிற அடையாளம் மட்டும் துடைத்துவிட்ட மாதிரி போய்விடும். அதே மருந்து மனிதனுக்குச் சின்ன மாத்திரையாக வருகிறது, ஸ்டீராய்டு என்பார்கள், ஊர் பேர் தெரியாத ஒரு மருந்துக் கடையில் முட்டி வலி என்று சொல்லி வாங்கினேன். ஆறு நாளாகத் தின்கிறேன். காலையில் பல் விளக்கப் போகிற சாக்கில், மயிலாத்தாள் பால் வாங்கப் போன நேரத்தில். யாரை ஏமாற்ற? வாங்க வருகிறவனை ஏமாற்றத்தான் ஊசி. இங்கே வாங்க வருகிறவன் யார். டாக்டரம்மிணியா? அவள் என்னை வாங்கி எந்தத் தொழுவத்தில் கட்டப் போகிறாள். மாத்திரையை முதல் நாள் நாக்கில் வைத்தபோதே இது தெரிந்திருக்க வேண்டும், தெரியவில்லை. அன்றைக்கு எனக்குத் தோன்றியதெல்லாம் நம்பர் இறங்கினால் பயம் இறங்கும், நம்பர் இறங்கினால் கனி பாய் போன வழியிலிருந்து நாம் விலகிவிடுவோம், நம்பர்தான் நோவு என்று. நாற்பது வருஷம் இந்தத் தொழிலில் இருந்துவிட்டு, மாடு வாங்க முதல்தடவை சந்தைக்கு வந்த வாத்தியார் மாதிரி ஏமாந்தேன். விற்றவனும் நானே.

"டோக்கன் நாப்பத்தி மூணு." எனக்கு இல்லை. எனக்கு ஐம்பத்தி ஒன்று. நாற்பத்து மூணு ஒரு கிழவர், கூட வந்த மகன் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போகிறான். கிழவரின் நடையைப் பார்க்கிறேன், இடது பின்னங்கால்... காலைச் சாய்க்கிறார், இடுப்பில் கோளாறு. பழக்கம் விடவில்லை. மயிலாத்தாள் பையிலிருந்து பிஸ்கட் எடுத்துப் பிரித்தாள். "தின்னுங்க." "வேண்டாம்." "வெடியால ஆறு இட்லி தின்னீங்க, இப்ப பசிக்கலீங்களா?" அவள் குரலில் எத்தனை சந்தோஷம். ஒரு வாரமாக நான் தின்கிறேன் தின்கிறேன் என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லிவிட்டாள். மாசாணியம்மனுக்கு வேண்டுதல் வைத்தாளாம், வைத்த மறுநாளே எனக்குப் பசி எடுத்ததாம். அம்மன் கொடுத்த பசி. அந்த மாத்திரை அப்படித்தான் பசியைக் கிளப்பும், ஊசி போட்ட மாடும் தீவனத் தொட்டியை நக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்குகிறவன் மயங்குவான். இட்லியை நான் அள்ளி அள்ளித் தின்னும்போது அவள் அடுப்பிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்ததை நான் பார்த்தேன். அப்போதே தட்டைத் தள்ளிவிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். ஏழாவது இட்லி போடட்டுமா என்றாள். போடு என்றேன். இல்லை, வேண்டாம் என்றேன். போடு என்றுதான் சொல்ல வந்தேன். "மொகத்துலகூடச் சதை வெச்சிருக்குதுங்க" என்கிறாள் இப்போது, பிஸ்கட்டைத் தானே கடித்துக்கொண்டு. சதை இல்லை மயிலா. ஊதியிருக்கிறது.

நாக்கு போய்ப் போய் அந்தப் பல்லைத் தொடுகிறது. இடது பக்கம், கீழே, கடைசிப் பல். அதைப் பற்றி நினைக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் ஏசியைப் பற்றியும் வாட்ச்மேனைப் பற்றியும் நினைத்துக்கொண்டிருந்தேன். போன மாசம் டாக்டரம்மிணி ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூட்டு வலி? இல்லை. சளி, இருமல்? இல்லை. காலில் புண்? இல்லை. "பல்லு, ஈறு ஏதாச்சும் தொந்தரவுங்களா? வாயக் கொஞ்சம் தொறங்க பாக்கலாம்." எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம். "வாயப் பொளந்து பல்லுப் பாக்க நான் என்ன சந்தைக்கு வந்த மாடா?" என்றேன். மயிலாத்தாள் கிள்ளினாள். டாக்டரம்மிணி சிரித்து, சரிங்க ஐயா என்று தாளில் ஏதோ எழுதினாள். இல்லை என்று எழுதியிருப்பாள். நான் எத்தனை ஆயிரம் வாயைப் பிளந்திருப்பேன், மூக்கணாங்கயிற்றை மேலே தூக்கி, கட்டைவிரலை ஓரத்தில் விட்டு உதட்டைப் பிதுக்கி, இரண்டு பல், நாலு பல், ஆறு பல், எட்டும் போட்டுக் கடைசேர்ந்தது என்று உரக்கச் சொல்லும்போது அந்த மாட்டின் கண் எங்கே பார்க்கும் என்று எனக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணோடு நான் யார் முன்னாலும் உட்கார மாட்டேன். அதனால் எட்டு மாசமாக அந்தப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருக்கிறது. காலையில் எழுந்தால் வாயில் துருப்பிடித்த கசப்பு, தலையணையில் கறை, தாடைக்குக் கீழே நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி. மயிலாத்தாளிடம் வெற்றிலைக் கறை என்றேன். மாத்திரை ஆரம்பித்த இரண்டாம் நாள் வலி போய்விட்டது. கசப்பு போய்விட்டது. கட்டி பட்டாணி மாதிரி சுருங்கிவிட்டது. நோவு போய்விட்டது என்று மாட்டை வாங்கினவன்தான் நினைப்பான், விற்றவன் நினைக்க மாட்டான். விற்றவனுக்குத் தெரியும், மருந்து தீர்ந்த மறுநாள் எல்லாம் இரண்டு பங்காகத் திரும்பி வரும் என்று.

கெங்கம்மாள் வந்தாள் கயிற்றோடு. இந்த யோசனை வரும் என்று தெரியும், பல்லைத் தொட்டால் அவள் வந்துவிடுவாள். உடுமலைப் பக்கத்துக்காரி, புருசன் இல்லாதவள், பால் ஊற்றிப் பிழைக்கிறவள். ஒரு சிந்து மாட்டை அவளுக்குக் கைமாற்றிக் கொடுத்தேன். மடிநோவு, ஊசி போட்டு வடியவைத்த மாடு. எனக்குத் தெரியும். அவள் மடியைத் தடவிப் பார்த்து, "மெத்துன்னு இருக்குதுங்களே" என்று என்னைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நாலாம் நாள் மாடு விழுந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தைக்கு நடுவில் வந்து நின்றாள், கையில் மாடில்லாத கயிறு. நான் முந்திக்கொண்டு எகிறினேன். "சந்தையில கைய விட்டதுக்கு அப்பறம் பேச்சு கெடையாது. யார்கிட்ட வேணாலும் போய்ச் சொல்லு. நாயம் கேட்டு மாசாணியம்மன் கோயில்ல மொளகா அரைக்கறதுன்னாலும் அரை." நாலு பேர் சிரித்தார்கள். அவள் கத்தவில்லை. "மொளகா அரைக்க வர்லீங்க. நீங்க புடிச்சுக் குடுத்த கவுறு. இதையும் வெச்சுட்டு நான் என்ன பண்றது" என்று என் காலடியில் வைத்துவிட்டுப் போனாள். அந்தக் கயிறு எங்கே போயிற்று. யாரோ எடுத்து வேறு மாட்டுக்குக் கட்டியிருப்பார்கள். இது தண்டனை என்று யாராவது சொன்னால் செருப்பால் அடிப்பேன். தண்டனை என்றால் கொடுக்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளிடம் பேசிப் பார்க்கலாம், காலைப் பிடிக்கலாம், பாதிக்கு இறக்கலாம். இங்கே எதிரில் ஆளே இல்லை. என் ஊசி, என் மாடு, என் தொழுவம். அதுதான் தாங்க முடியவில்லை. பேரம் பேச ஆள் இல்லாத இடத்துக்கு நான் வந்ததே இல்லை.

எழுந்தேன். எங்கீங் என்றாள் மயிலாத்தாள். ஒண்ணுக்கு என்றேன். நேராக ரத்தம் எடுத்த ஜன்னலுக்குப் போனேன். அந்தப் பெண் கையுறை மாட்டிக்கொண்டு இன்னொருத்தருக்குக் கட்டுப் போடுகிறாள். "அம்மிணி, அம்பத்தி ஒண்ணு. அந்த ரத்தம் வேண்டாம். கொட்டிரு." நிமிர்ந்து பார்த்தாள். "ஏனுங்கய்யா?" ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது. பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். "சும்மாதான். நாளைக்கு வந்து வேற குடுக்கறேன்." "அதெல்லாம் மெஷின்ல போட்டாச்சுங்கய்யா. ஓடிட்டு இருக்குது. பயப்படாதீங்க, நல்லாத்தான் வரும்." நல்லாத்தான் வரும். அதுக்குத்தானே பயம் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. "பெரியவரே, ஊசி போட்டப்பவே யோசிச்சிருக்கோணும்" என்று பின்னால் ஒருத்தன் சொன்னான், இரண்டு பேர் சிரித்தார்கள். ஒரு மாசம் முன்னால் என்றால் சட்டையைப் பிடித்திருப்பேன். இப்போது கேட்டுக்கொண்டு நின்றேன், அவன் என்னவோ சரியாகச் சொல்லிவிட்டான் போல. கழிப்பறைக்குப் போய்க் கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தேன். கட்டைவிரலை ஓரத்தில் விட்டு உதட்டைப் பிதுக்கினேன். ஈறு நல்ல சிவப்பு. சுத்தமாக இருந்தது. பல் மட்டும் வேரோரம் கறுத்து ஒன்றும் தெரியாத மாதிரி நின்றது. கண்ணைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தேன், முடியவில்லை, அதே கண். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓரத்தில் வெள்ளை தெரிகிற அதே கண்.

சொல்லிவிடுவது ஒன்றுதான் வழி. உள்ளே போனதும் சொல்லிவிட வேண்டும். அம்மிணி, இந்த நம்பர் பொய், ஆறு நாள் மாத்திரை தின்றேன், பல்லில் சீழ் இருக்கிறது, என்னைப் படுக்கவைத்துத் தேடு, வாயைப் பிள, மேஜையில் போடு. ஆறே வாக்கியம். நாற்காலியில் உட்கார்ந்து வாய்க்குள் ஓட்டிப் பார்க்கிறேன். முதல் வாக்கியத்தையே முடிக்க முடியவில்லை. பயம் மட்டும் இல்லை. என் வாய்க்கு அந்தப் பழக்கமே இல்லை. சந்தையில் வாய் சொல்வது ஒரு விலை, கை சொல்வது ஒரு விலை. வாயால் நாங்கள் ஊரைக் கூட்டுவோம், சத்தியம் பண்ணுவோம், பிள்ளைமேல் ஆணையிடுவோம், அத்தனையும் சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு. உண்மை விலை துண்டுக்கு அடியில்தான். தோளில் கிடக்கிற துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு, அடியில் விரலைப் பிடித்தால் அதுதான் விலை. ஒரு விரல் ஒன்று. இரண்டு விரல் இரண்டு. ஐந்தையும் சேர்த்து அமுக்கினால் ஐந்து, பிறகு மூன்றைப் பிடித்தால் எட்டு. வெளியே முகத்தில் ஒன்றும் காட்டக் கூடாது. கை பிடியில் இருக்கிற வரைக்கும் பேரம் உயிரோடு இருக்கும், கூட்டலாம், குறைக்கலாம், மாற்றலாம். கையை விட்டால் முடிந்தது. அப்புறம் மாடு செத்தாலும் பிழைத்தாலும் பேச்சு கிடையாது. நாற்பது வருஷம் நான் உண்மை பேசினதெல்லாம் விரலால்தான். மயிலாத்தாளிடம்கூட நான் உண்மையை வாயால் சொன்னதாக ஞாபகம் இல்லை. அவள் கிள்ளுகிறாள், நான் கத்துகிறேன், அப்படியே முப்பத்திரண்டு வருஷம்.

"அம்பத்தி ஒண்ணு. நாச்சிமுத்து." மயிலாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு எழுந்தாள், டிவியைப் பார்த்துக் கும்பிட்டாள், அங்கே கத்தரிக்காய்க்காரிதான் இருந்தாள். உள்ளே டாக்டரம்மிணி தாளைக் கையில் வைத்துக்கொண்டே சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததுமே எனக்கு விலை தெரிந்துவிட்டது. "ஐயா, ஜெயிச்சுட்டீங்க. ஒண்ணு புள்ளி ஒண்ணு." மயிலாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "ஏனுங்கம்மா, அப்ப இனி அட்டாக்கு வராதுங்களா?" "வரவே வராதுன்னு யாரும் சொல்ல முடியாதுங்கம்மா. ஆனா இது ரொம்ப நல்ல நம்பர். போன ரெண்டு தடவையும் ஏதோ ஒரு தொந்தரவு இருந்திருக்கும், அதுவே சரியாயிருச்சு. அட்மிஷன் வேண்டாம். ஆஞ்சியோ வேண்டாம். மாத்திரைய மட்டும் விடாமச் சாப்பிடுங்க. ஆறு மாசம் கழிச்சு வாங்க போதும்." ஆறு மாசம். நாலு நாளில் தெரிந்துவிடும் சமாச்சாரத்துக்கு ஆறு மாசம். "மாத்திரையெல்லாம் டைமுக்குத் தின்னுடறாருங்க, அதுல ஒரு கொறையும் இல்ல" என்கிறாள் மயிலாத்தாள். வாயைத் திறந்தேன். "அம்மிணி" என்றேன். "சொல்லுங்க ஐயா." நாக்கு தானாகப் போய் அந்தப் பல்லில் நின்றுகொண்டது. மயிலாத்தாள் என்னைப் பார்க்கிறாள், கண் முழுக்கத் தண்ணீர், அதற்குள் சிரிப்பு, ஏழாவது இட்லி போடட்டுமா என்று கேட்ட அதே முகம். மெத்துன்னு இருக்குதுங்களே என்ற முகமும் இதேதான். "நல்ல சேதி சொன்னீங்க" என்றது என் வாய். என் வாய் அதைத்தான் சொல்லும்.

டாக்டரம்மிணி எழுந்து கையை நீட்டினாள். ஜெயித்த ஆளுக்குக் கை கொடுக்கிறாளாம். சின்னக் கை, மருந்து வாசம். பிடித்தேன். பிடித்ததும் என் இடது கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்து இரண்டு கைமேலும் போட்டுவிட்டது. "ஐயய்யோ, என்னங்க இது" என்றாள் மயிலாத்தாள், அழுகைக்கு நடுவில் வெட்கப்பட்டுச் சிரித்தாள். "சந்தையில இப்படித்தானுங்கம்மா கை குடுப்பாங்க. சந்தோசத்துல பண்றாரு." டாக்டரம்மிணியும் சிரித்தாள், "ஓ, துண்டு பேரம்னு சொல்வாங்களே, இதுதானா அது" என்றாள். துண்டுக்கு அடியில் அவள் ஐந்து விரலையும் சேர்த்து அமுக்கினேன். ஐந்து. விட்டு, மூன்று விரலைப் பிடித்தேன். மூன்று. எட்டு அம்மிணி. ஒன்று இல்லை, எட்டு. அதற்கு மேலேயும் இருக்கலாம். மறுபடியும் ஐந்து. மறுபடியும் மூன்று. என் முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க நாற்பது வருஷப் பழக்கம், இன்றைக்குப் பார்த்து அதுவும் கைவிடவில்லை. புரிந்துகொள் தாயி. சந்தையில் கண் தெரியாத கிழவன்கூடப் புரிந்துகொள்வான். ஐந்து. மூன்று. அவள் விரல்கள் என் பிடிக்குள் ஒரு நொடி அசையாமல் நின்றன. அவள் சிரிப்பு நின்றது. அவள் கை மெதுவாக நகர்ந்து மேலே வந்தது, என் மணிக்கட்டுக்கு, கம்பி விட்ட தழும்புக்குப் பக்கத்தில், இரண்டு விரலை வைத்து அழுத்தினாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போயிற்று. உதடு லேசாக அசைந்தது. எண்ணுகிறாள். நான் ஐந்து மூன்று என்று அழுத்துகிறேன், அவள் அவளுடைய கணக்கை எண்ணுகிறாள், ஒரே துண்டுக்கு அடியில். கையை விட்டுவிடாதே அம்மிணி. கை பிடியில் இருக்கிற வரைக்கும் ஒன்றும் முடியவில்லை.

"கொஞ்சம் படபடப்பா இருக்கீங்க, சந்தோசம்தான்" என்றாள். "மத்தபடி நல்லா இருக்குதுங்க ஐயா."

கையை விட்டாள்.